குலுங்காத வண்டி

வண்டி உடைக்கும் யார்டுக்கு ஸ்பேனர் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் நின்றது. கதவு கழன்ற கார்களும் மூஞ்சி நசுங்கிய லாரிகளும் வரிசையாகக் கிடந்தன. நடுவில் ஒரு கிழிந்த குடை. அதன் கீழே யார்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாடா ஸ்பேனர். சாப்பிடறியா?"

"வேணாம்ணே. ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர் வேணும். மெத்துனு இருக்கணும். அக்காவைக் கூட்டிட்டு வரணும்."

எல்லோரும் அவனை ஸ்பேனர் என்றுதான் கூப்பிட்டார்கள். நெடுநெடு உடம்பும் அதன்மேல் ஒரு பெரிய தலையுமாக அவன் இருந்த இருப்புக்கு, மெக்கானிக் ஆகாமல் போயிருந்தாலும் அந்தப் பெயர்தான் வந்திருக்கும்.

அக்கா படியில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனது. ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கூடவே டாக்டர் ஒன்று சொன்னார். பலமாக ஒரு குலுக்கல் போதும், இரண்டு காலும் போய்விடும். அக்காவின் வீடு கல்குவாரி உச்சியில் இருந்தது. மாமா அங்கே மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். மேலே போகும் வழியைப் பாதை என்று சொல்வது மரியாதைக்குத்தான். பாறையும் பள்ளமும். ஆம்புலன்ஸ்காரர் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். ஏறுவது மாமாவின் பழைய ஜீப் ஒன்றுதான். அதில் ஏறினால் குடல் வாய்க்கு வரும்.

"உன் ரூம்ல வெச்சுக்கோயேன்டா கொஞ்ச நாளைக்கு," என்றார் யார்டுக்காரர்.

"ரூமுக்கு ஏணி வெச்சு ஏறணும்ணே. அதுவுமில்லாம அவ என் வீட்டுக்குத்தான் போவேங்கறா. நீங்க வேணா பேசிப் பாருங்க."

"உங்க அக்காகிட்டயா? எனக்கென்ன தலையெழுத்தா?"

கையைக் கழுவிக்கொண்டு அவர் ஒரு தார்ப்பாயைத் தூக்கினார். நான்கு ஷாக்குகள் கிடந்தன. வெளிநாட்டுச் சரக்கு. ஒவ்வொன்றும் முழங்கை பருமன். பக்கவாட்டில் தனியாக ஒரு எண்ணெய்க் குப்பி, அதன் தலையில் ஒரு திருகு. வலது பக்கம் திருகினால் கல். இடது பக்கம் திருகினால் பஞ்சு. ஒவ்வொரு திருகலுக்கும் ஒரு சத்தம்.

டிக்.

ஸ்பேனர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்தினான்.

"என்னண்ணே இப்படி நாறுது?"

"நாறுதா? எனக்கு மூக்கு செத்துப் பல வருஷம் ஆச்சு. எலி ஏதாவது போயிருக்கும்."

எலி இல்லை. செத்த எலியின் நாற்றம் அவனுக்குத் தெரியும். இது இனிப்பாக இருந்தது. அழுகிய பழத்தைக் கொழுப்பில் வதக்கியது போல. மூக்கில் நுழைந்து நாக்கில் போய் உட்கார்ந்தது.

"எந்த வண்டியில இருந்துச்சு?"

யார்டுக்காரர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார். "மலையில இருந்து உருண்ட வண்டி. தகடு தகடா வந்துச்சு. பின்னாடி நோயாளிப் பொம்பள ஒண்ணு படுத்திருந்துச்சாம். நம்ப மாட்ட, ஒரு கீறல் இல்ல. தூங்கிட்டே கெடந்துச்சாம்."

"ஓட்டினவன்?"

"அவன் கெடைக்கவேயில்ல. தேடாத எடம் இல்ல." அவர் குச்சியைத் துப்பினார். "அதை விடு. ஒரு கீறல் இல்லடா. அதைவிட ஷாக்குக்கு வேற என்ன சர்ட்டிபிகேட்டு வேணும்?"

*

பழைய ஷாக்கை வாங்கினால் முதலில் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணெயை வடித்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றி, கேஸ் அடைத்து, அப்புறம்தான் மாட்ட வேண்டும். ஸ்பேனர் இதில் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை. ஆனால் கேஸ் அடைக்கிற மெஷின் அவனிடம் இல்லை. அதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டும். அக்கா வார்டில் கட்டிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். புதிதுக்கு ஆர்டர் போட்டால் கப்பலில் வர வேண்டும்.

திறக்காமலே மாட்டினான்.

மறுநாள் காலையில் தன் ஷெட்டில் ஜீப்பை ஜாக்கியில் ஏற்றி, பழைய ஷாக்குகளைக் கழற்றி மூலையில் போட்டான். யார்டு ஷாக்கின் நடுவே ஏறி இறங்கும் ராடைத் துடைத்தபோது அதன்மேல் ஒரு ஆடை படிந்திருந்தது. ஆறிய பாலின் ஆடை போல. துணியில் ஒட்டிக்கொண்டு நூலாக நீண்டது. இழுத்தான். நீண்டுகொண்டே வந்தது. உதறினான், அவன் கன்னத்தில் ஒட்டியது.

சோப்பு போட்டான். மண்ணெண்ணெய் போட்டான். பிறகு பாத்திரம் தேய்க்கிற பவுடரைப் போட்டுத் தேய்த்தான். கன்னம் சிவந்ததுதான் மிச்சம்.

மதியம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனான். விரலில் அந்த வாசனை இருந்தது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான். அதன்பிறகு ஸ்பூனால் சாப்பிட்டான்.

ரப்பர் புஷ் வளையங்களை அடித்து இறக்கும்போது இன்னொன்றைக் கவனித்தான். நிழலில் கிடந்த உலோகம் குளிர்ந்திருக்க வேண்டும். ஷாக் வெதுவெதுப்பாக இருந்தது.

காய்ச்சல்காரனின் கையைப் பிடித்தது போல.

நான்கு திருகுகளையும் பஞ்சுப் பக்கம் கடைசி வரை திருகி வைத்தான். சாயங்காலம் மாமா வந்தார். வண்டி முன்னைவிட உயரமாக நின்றது. அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, கால் முளைச்ச மாதிரி நிக்குது?"

"ஓட்டிப் பாக்கலாம் மாமா. நீங்க ஓட்டுங்க. நான் அக்கா மாதிரி பின்னாடி படுத்துக்கறேன். எங்க குலுங்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"என்ன வாசனை இது?"

"பழைய எண்ணெய்."

பின் சீட்டைக் கழற்றிப் போட்டிருந்த பலகை மெத்தையில் அவன் மல்லாந்து படுத்தான். குவாரிப் பாதையில் வண்டி ஏறியது. அடியில் கற்கள் நெறிபடும் சத்தம் கேட்டது. உடம்புக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. கூரையைப் பார்த்தபடி அடி விழுவதற்காகக் காத்திருந்தான்.

டிக்.

வலது பின்சக்கரம் எதிலோ இறங்கி ஏறியது. அவன் அசையவில்லை.

டிக். டிக்.

கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. திருகு தானாகத் திரும்புகிறது. அதுவும் பள்ளத்தில் விழுந்த பிறகு அல்ல.

விழுவதற்கு முன்னால்.

"மாமா, அந்தப் பெரிய பள்ளம் வரப்போகுது. மெதுவாப் போங்க."

"அதைத் தாண்டி ரொம்ப நேரமாச்சே, மாப்ள."

முதுகுக்குக் கீழே மெத்தை சூடாகியிருந்தது. தோள்பட்டைக்கு அடியிலும் இடுப்புக்கு அடியிலும் ஏதோ சரியாகப் பொருந்தி ஏந்திக்கொண்டிருந்தது. சுகமாக இருந்தது. எழுந்து உட்கார வேண்டும் என்று நினைத்தான். மனம் வரவில்லை. அந்தச் சுகத்தை நினைத்தபோதுதான் அவனுக்குக் குமட்டியது. யாரோ முன்பின் தெரியாதவரின் வியர்வைப் படுக்கையில் ஆசையாகப் புரண்டுவிட்டது போல.

வண்டியை நிறுத்தியதும் குனிந்து பார்த்தான். நான்கு திருகுகளும் நான்கு விதமாக நின்றன.

மாமாவின் கண் கலங்கியிருந்தது. "பிழைச்சா மாப்ள. உங்க அக்கா பிழைச்சா."

ஸ்பேனர் நான்கு திருகுகளையும் மறுபடி பஞ்சுப் பக்கம் திருகி வைத்தான்.

*

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் முகத்தைச் சுளித்தாள். "என்ன வண்டிங்க இது? மீன் லோடு அடிப்பீங்களா?"

"இவளுக்காகக் கழுவித்தான் கொண்டாந்தோம்," என்றார் மாமா.

"கழுவியே இப்படியா?"

அக்காவுக்கு நாற்றம் எதுவும் தெரியவில்லை. ஸ்ட்ரெச்சரிலிருந்து மெத்தைக்கு மாற்றும்போது கத்தி ஊரைக் கூட்டினாள். மாமாவைத் திட்டினாள், தம்பியைத் திட்டினாள், விழுந்த படியைக் கட்டிய கொத்தனாரையும் விடவில்லை. படுத்த பிறகு அமைதியானாள்.

ஸ்பேனர் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டான். பாதை ஆரம்பித்ததும் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

டிக்.

முதல் கல் போனது. நகம் கொஞ்சம் தளர்ந்தது.

டிக். டிக்.

"டேய்."

"என்னக்கா? வலிக்குதா?"

"இல்லடா. அடியில யாருடா கை குடுத்திருக்கறது?"

"யாரும் இல்லக்கா. ஷாக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஷாக்குக்கு விரல் இருக்குமாடா?"

அவன் கையை விட்டுவிட்டாள். அடுத்த வளைவில் தூங்கிப்போனாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் மாத்திரை போடாமல் தூங்கியது அதுதான் முதல் தடவை. வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த இனிப்பு நாற்றம் வண்டி முழுக்கக் கனத்தது. ஸ்பேனர் வாயால் மூச்சு விட்டான். மூச்சு பிசுபிசுத்தது.

வீடு வந்ததும் எழுப்பினார்கள்.

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள்.

"வீடு வந்துடுச்சுடி," என்றார் மாமா.

"வரட்டும். நான் எங்க ஓடியா போறேன்? இங்கயே இருக்கேனே."

வீட்டுக்குப் போனால்தான் சரியாகும் என்று வார்டையே ஒரு வழி பண்ணியவள். வாசலுக்கு வந்தபிறகு கெஞ்ச வேண்டியிருந்தது. தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அப்போதுதான் ஸ்பேனர் அவள் முதுகைப் பார்த்தான்.

நைட்டி நனைந்திருந்தது. பழுப்பு நிறத்தில், கெட்டியாக. தோள்பட்டையில் ஒரு திட்டு. இடுப்பில் ஒரு திட்டு. இரண்டிலிருந்தும் விரல் விரலாகப் பிரிந்திருந்தது.

"என்ன மாப்ள அது?" மாமா கிசுகிசுத்தார்.

"கிரீஸ்."

வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தான். போகவில்லை. அழுத்தித் தேய்த்தபோது துணியோடு வந்தது நிறம் மட்டும் அல்ல. ஏதோ மெல்லியதாக உரிந்து வந்தது. அக்காவின் தோலா என்று பதறிப் பார்த்தான்.

அவளுடையது இல்லை.

*

மறுநாள் காலை, மாமா மெஷினைக் கிளப்பப் போவதற்குள், ஸ்பேனர் நான்கையும் கழற்றினான். இடது பின்பக்கத்து ஷாக்கைக் குவாரிக் கொட்டகையின் வைஸ் பிடியில் இறுக்கினான். கேஸை வெளியேற்றும் சின்ன ஆணியைத் தளர்த்தினான். புஸ்ஸென்று ஒரு நொடியில் அடங்க வேண்டும்.

அடங்கவில்லை. நீளமாக, மெதுவாக வெளியே வந்தது. நின்றது.

பிறகு உள்ளே இழுத்தது.

மாமா பின்னால் வந்து நின்றதை அவன் பார்க்கவில்லை. மூடியைச் சுற்றிக் கழற்றி, ஷாக்கை பக்கெட்டின் மேல் கவிழ்த்தான். எண்ணெய் ஒழுகவில்லை. வழுக்கிக்கொண்டு இறங்கியது. உறைந்த சூப் போல, குழாயின் வடிவத்திலேயே பக்கெட்டில் நின்றது. நின்று, மெல்லச் சரிந்தது. மேல்பக்கம் மஞ்சள். உள்ளே சிவப்பு நூல்கள். குச்சியால் பிளந்தான். கற்றையாக முடி வந்தது. முடியோடு ஒரு நகம், அடிச்சதையுடன். இன்னும் கிண்டினான். மோதிர விரல் தடிமனில் வெளுப்பாக ஏதோ புரண்டது. நிறுத்திக்கொண்டான்.

ஆவி பறந்தது.

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு குடலே வந்துவிடுவது போல வாந்தி எடுத்தார்.

"ஓட்டினவன் கெடைக்கலைன்னாங்க மாமா," என்றான் ஸ்பேனர். "யார்டுக்காரர் சொன்னாரு."

"பேசாத."

"மாமா..."

"பேசாதன்னா பேசாத."

பக்கெட்டை மூடி, மேலே கல்லை வைத்து, குவாரிக் கொட்டகையின் பின்னால் கொண்டுபோய் வைத்தான். குழி தோண்ட நேரமில்லை. கீழே தன் ஷெட்டுக்கு நடந்துபோய்ப் பழைய ஷாக்குகளைக் கொண்டு வந்து மாட்டினான். அடுத்த நாள் அக்காவைக் கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெத்தைமேல் இன்னும் இரண்டு மெத்தை போட்டான்.

அடுத்த நாள், ஜீப் வாசலைத் தாண்டியதுமே அக்கா கேட்டாள். "என்னடா பண்ணின வண்டியை?"

"ஒண்ணும் இல்லக்கா."

"பொய் சொல்லாத. அவனை எங்கடா?"

"எவனைக்கா?"

பதில் வருவதற்குள் முதல் பள்ளம் வந்துவிட்டது. சின்னப் பள்ளம்தான். மாமா ஊர்ந்துதான் போனார். சக்கரம் இறங்கி ஏறிய அந்த ஒரு அடியில் அக்கா போட்ட சத்தத்துக்கு, குவாரியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அது மனுஷச் சத்தமாகவே இல்லை. பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா அழுது ஸ்பேனர் பார்த்ததில்லை.

"இடது காலு மரத்துப் போச்சுடா. டேய், காலு இருக்கா பாருடா."

அவன் பாதத்தைக் கிள்ளினான்.

"கிள்ளு."

"கிள்ளிட்டுத்தாங்க்கா இருக்கேன்."

வண்டியை அங்கேயே நிறுத்தினார்கள். குவாரி ஆட்கள் வந்து அவளைப் பலகையோடு தூக்கி வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கால் விரல் லேசாக அசைந்தது. மாமா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு வெளியே வந்தார். ஸ்பேனர் ஜீப்பின்மேல் சாய்ந்து நின்றான்.

"மாத்து," என்றார்.

"மாமா, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன். மாத்து."

"புதுசுக்கு ஆர்டர் போடறேன் மாமா. வர்றவரைக்கும் பொறுத்துக்கலாம்."

"கட்டு பொறுத்துக்குமா? உள்ள சீழ் வெச்சா? நாளைக்குக் காலையில அவ கீழ போய் ஆகணும்."

"சரி, நல்லாக் கழுவிட்டு, புது எண்ணெய் ஊத்தி..."

"மாப்ள." மாமா அவன் தோளைப் பிடித்தார். அவர் கையிலும் அந்த நாற்றம் இருந்தது. "எண்ணெயா அவளைத் தாங்கினது?"

ஸ்பேனர் கொட்டகைப் பக்கம் பார்த்தான்.

"என்ன இருந்துச்சோ, அதையே போடு."

இருட்டியதும் கொட்டகையின் பின்னால் போனார்கள். பக்கெட்டின் மேலிருந்த கல் கீழே கிடந்தது. மூடி விலகியிருந்தது. ஈ மொய்க்கும் என்று எதிர்பார்த்தான். ஒரு ஈ கூட இல்லை. கரண்டியால் அள்ளப் பார்த்தான். வழுக்கியது. அள்ள அள்ள நழுவி பக்கெட்டின் மறுபக்கம் ஒதுங்கியது. கடைசியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முழங்கை வரை கையை விட்டான்.

வெதுவெதுப்பாக இருந்தது. அவன் விரல்களுக்கு நடுவே புகுந்து பிதுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, கொத்துக் கொத்தாக அள்ளி, குழாயின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் உள்ளே தள்ளினான். முடி சிக்கியது. சுருட்டித் தள்ளினான். நகத்தைத் தேடி எடுத்துப் போட்டான். எதுவும் மிச்சம் வைக்கக் கூடாது என்று ஏனோ தோன்றியது. வாந்தி தொண்டை வரை வந்தது. அது பக்கெட்டில் கலந்துவிடக் கூடாதே என்று விழுங்கினான். அக்காவுக்காக ஒருவன் எதையெல்லாம் விழுங்கலாம் என்று யாரும் வரையறை செய்து வைக்கவில்லை.

மாமா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

மூடியைச் சுற்றி முடித்தான். ராடு உள்ளே அமுங்கிக் கிடந்தது. கேஸ் இல்லை. கேஸ் இல்லாமல் அது எழும்பாது.

"இதுக்கு மேல என்னால ஆகாது மாமா. கேஸ் அடைச்சாத்தான்..."

ராடு எழுந்தது.

மெதுவாக, சோம்பல் முறிப்பது போல, கடைசி வரை நீண்டு நின்றது. அதன் மேல் பளபளவென்று புது ஆடை படிந்திருந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நான்கையும் மாட்டினார்கள்.

*

காலையில் வெயில் நன்றாக ஏறிய பிறகு அக்காவை வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தோள் மாமாவிடம், ஒரு தோள் தம்பியிடம். இடுப்பில் பட்டை. இடது கால் தரையில் இழுபட்டது. ஒவ்வொரு எட்டுக்கும் அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்.

ஜீப் முற்றத்தின் ஓரத்தில் நின்றது. சாவி மாமாவின் சட்டைப்பையில் இருந்தது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. யார்டு ஷாக்குகளை மறுபடி மாட்டியதில் வண்டி அவள் இடுப்புக்கு மேல் உயர்ந்திருந்தது.

"பிடிச்சுக்கோ மாப்ள," என்றார் மாமா. "ஸ்டூல் எடுத்துட்டு வந்துடறேன்."

"வேணாம்," என்றாள் அக்கா.

"எப்படிடி ஏறுவ?"

அவள் ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு முகத்தை அவள் மாமாவிடம் காட்டியது கல்யாணமான புதிதில் இருக்கலாம்.

டிக்.

ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக. கீல் எதுவும் கிறீச்சிடவில்லை. அவள் முழங்கால் உயரத்துக்கு வந்து நின்று காத்திருந்தது.

"பாத்துக்கோடா," என்றாள் தம்பியிடம். "கூடப் பொறந்தவன். என்னைக்காவது எனக்காக இப்படிக் குனிஞ்சிருக்கியா?"

இருவர் கையையும் உதறினாள். தானாகவே உட்கார்ந்தாள்.

வண்டி அவளை ஏந்திக்கொண்டு, துளியும் குலுங்காமல், எழுந்தது.